மோதிர விரல் மடங்கிவிட்டது, நிமிருதே இல்லை: ஊசியால் நிமிர்த்தினவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பாவும்ஊடையும் (மருதமுனை)
வெள்ளி, இரவு 9.12

அஸ்ஸலாமு அலைக்கும், மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

வாப்பாவின் வலக்கையைப் பற்றித்தான் கேட்கிறேன். வயது 66. சின்னப் பிள்ளையில் தறியில் இறங்கினவர், இன்னும் இறங்குகிறார். நாலைந்து வருடத்துக்கு முன் உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, சோளமணி அளவில் ஒரு கட்டி வந்தது. நோகவில்லை. தறிக் கைப்பிடி உரசி வந்த காய்ப்பு என்று விட்டுவிட்டோம். பிறகு அந்தக் கட்டியிலிருந்து விரலடி வரைக்கும் தோலுக்குள்ளே கயிறு மாதிரி ஒன்று தடித்து எழும்பியது. இப்போது மோதிர விரல் உள்ளுக்கு மடங்கி நிற்கிறது, சின்ன விரலும் அதன் பின்னால் போகத் தொடங்கிவிட்டது. மடக்கலாம், நிமிர்த்தத்தான் முடியாது. மற்றக் கையால் பிடித்து இழுத்தாலும் அசைவில்லை.

முதலில் கவனித்தது உம்மா. தொழுகையில் சுஜூதுக்குப் போகும்போது வாப்பாவின் வலக்கை மட்டும் பாயில் படியாமல் கூடாரம் அடித்த மாதிரி எழும்பி நிற்கிறது என்றார். தறியில் இதைவிடக் கஷ்டம். பாவில் ஓர் இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும் அல்லவா, அந்த மடங்கின விரல் பக்கத்து இழைகளில் கொளுவிக்கொள்கிறது. ஒன்றை முடியப்போய் மூன்றை அறுத்துவிட்டு எழும்புகிறார்.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். டுபுய்ட்ரன் என்று பெயர் சொன்னார்கள், உள்ளங்கையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" வாப்பா வாழ்நாளில் தொட்டதில்லை. அன்றோடு சரி, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று நிற்கிறார். வெட்டாமல் ஊசியாலேயே அந்தக் கயிற்றை அறுத்து நிமிர்த்தலாம் என்று கேள்விப்பட்டேன். நம் பக்கத்தில் யாருக்காவது செய்ததா?


படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)
வெள்ளி, இரவு 9.50

தம்பி, இது நரம்பு இழுப்பு. எங்கள் ஊரில் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் ஒருவர் இருக்கிறார். என் மச்சானின் விரல் மடக்கினால் மடங்கினபடியே நிற்கும், பிறகு டக்கென்று சத்தத்தோடு விடுபடும். எண்ணெய் போட்டு உருவி, ஒரு மாதத்தில் மாற்றிக் கொடுத்தார். கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.


உளிக்காரன் (ஆரையம்பதி)
வெள்ளி, இரவு 10.05

நான் ஊசியால் செய்தவன். இடக்கை, மோதிர விரல். நாளைக் காலையில் ஒரு கதவு முடித்துக் கொடுக்க வேண்டும், அது போனதும் இருந்து விளக்கமாக எழுதுகிறேன். அதுவரை எண்ணெய் போட்டு இழுக்க வேண்டாம் தம்பி. எனக்கும் ஒருவர் இழுத்துப் பார்த்தார். கை இரண்டு கிழமை வீங்கினது, விரல் அப்படியே இருந்தது.


வாட்டுஅக்கா (களுவாஞ்சிகுடி)
வெள்ளி, இரவு 10.40

கொக்கட்டிச்சோலை அண்ணன், உங்கள் மச்சானுக்கு இருந்தது வேறு வருத்தம். மடங்கி நின்று டக்கென்று விடுபடுவதை டிரிகர் விரல் என்போம். விரலை மடக்கும் தசைநார் போகிற குழாய் இறுகுவதால் வருவது. ஓய்வு கொடுத்தாலே சிலருக்கு மாறும், இல்லாவிட்டால் ஒரு ஸ்டீரொயிட் ஊசி.

தம்பியின் வாப்பாவுக்கு இருப்பது நரம்பிலும் இல்லை, தசைநாரிலும் இல்லை. உள்ளங்கைத் தோலுக்கும் தசைநாருக்கும் நடுவில் ஒரு சவ்வு விரிந்திருக்கிறது. நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது தோல் வழுக்கி ஓடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்தச் சவ்வு தடித்து, கட்டியாகி, கயிறாகி, கயிறு சுருங்கும்போது விரலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. எண்ணெய் அவ்வளவு ஆழத்துக்குப் போய் அதைக் கரைக்காது.

குடிப்பீர்களா என்று கேட்டதற்கு வாப்பா கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடி, புகை, சீனி வருத்தம், வலிப்புக்குக் குடிக்கும் சில குளிசைகள் எல்லாவற்றோடும் இதைச் சேர்த்துப் பேசுவதால் பட்டியலில் உள்ளதைக் கேட்கிறார்கள். பெரிய காரணம் குடும்ப இரத்தம். வாப்பாவின் வாப்பாவுக்கோ பெரியவாப்பாவுக்கோ விரல் மடங்கி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சீனியும் பார்த்துவிடுங்கள். ஆனால் கேட்ட முறை பிழை என்றால் அது பிழைதான். ஒரு பெரிய மனிசனிடம் கையைப் பார்க்க முதலே அதைக் கேட்கத் தேவையில்லை.


பாவும்ஊடையும்
சனி, காலை 6.20

ஜஸாகல்லாஹ் அக்கா. கேட்டேன். மூத்தவாப்பாவின் கை அப்படித்தான் இருந்ததாம், இரண்டு கையிலும். வயது போனதால் என்று நினைத்தார்களாம்.

இன்னொன்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் ஒருவர், "இது மாந்தீவுக்குப் போகவேண்டிய கை" என்று, தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற தீவைச் சொல்லிக் கதை கட்டிவிட்டார். அதிலிருந்து வாப்பா சந்தைக்குப் போனால் கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறார்.


வாட்டுஅக்கா
சனி, காலை 7.15

இதைக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. மட்டக்களப்பு வாவிக்கு நடுவில் மாந்தீவு ஆஸ்பத்திரி இருப்பதால் நம் இரண்டு மாவட்டத்திலும் விரல் மடங்கினவரைக் கண்டால் முதலில் வாயில் வருவது அந்தத் தீவின் பெயர்தான்.

வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். தொழுநோயில் பழுதாவது முழங்கைப் பக்கமாக வரும் நரம்பு. அதனால் சின்ன விரல் பக்கம் தொட்டால் தெரியாது, சூடு தெரியாது. விரலடி மூட்டு பின்னால் வளைந்து, நடு மூட்டு மட்டும் முன்னால் மடங்கி, நகம் மாதிரி நிற்கும். உள்ளங்கையில் கயிறு இராது. தொடக்கத்தில் மற்றக் கையால் பிடித்தால் விரல் லேசாக நிமிரும். வாப்பாவுக்கு எல்லாம் தலைகீழ். கயிறு இருக்கிறது, யார் இழுத்தாலும் நிமிரவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் விரல்களைத் தொட்டு எந்த விரல் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை, தோல் கிளினிக்குக்குப் போங்கள். தொழுநோய்க்கு மருந்து இலவசம், குடித்து முடித்தால் சுகமாகிற வருத்தம் அது. யாரையும் தீவுக்குப் பிடித்துக்கொண்டு போகிற காலம் இல்லை இது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.


பாவும்ஊடையும்
சனி, காலை 8.02

பார்த்தேன் அக்கா. பத்துத் தரம் தொட்டேன், பத்தும் சரி. பதினோராவது தரம் தொடாமலே கேட்டேன், "தொடவேயில்லையே, விளையாடுறியா?" என்று ஏசினார்.


உளிக்காரன்
சனி, மாலை 5.30

கதவு போய்விட்டது. இனி எழுதலாம்.

எனக்கு வயது 58, தச்சு வேலை. இடக்கை என்பதால் எட்டு வருடம் சமாளித்தேன். உளியை இடக்கையால் பிடிப்பேன், விரல் மடங்க மடங்க அது பிடிக்கு வசதி என்று பகிடி வேறு விட்டேன். முகம் கழுவும்போது விரல் நுனி கண்ணுக்குள் போனது, பொக்கட்டுக்குள் கை போட்டால் வெளியே வரவில்லை, கோயிலில் கும்பிட்டால் இரண்டு உள்ளங்கையும் சேரவில்லை. ஒருநாள் பலகையைத் தள்ளும்போது மடங்கின விரல் பலகைக்கும் மேசைக்கும் நடுவில் அகப்பட்டது. அதற்குப் பிறகுதான் போனேன்.

கொழும்பில் கைச் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் ஒருவர். மூன்று வருடத்துக்கு முன். பெயரை இங்கே பொதுவில் போடவில்லை, தனிச்செய்தியில் கேளுங்கள். அவர் முதலில் செய்யச் சொன்னது, "கையை மேசையில் குப்புற வையுங்கள்." அவ்வளவுதான் பரிசோதனை. கை தட்டையாகப் படிந்தால் வீட்டுக்குப் போகலாம், படியாவிட்டால் பேசலாம். பிறகு கோணம் அளந்தார். விரலடி மூட்டில் 45 பாகை எனக்கு. அந்த மூட்டில் 30 பாகைக்கு மேல் போனால் செய்வது வழக்கமாம். நடு மூட்டு மடங்கத் தொடங்கினால் அவ்வளவு காத்திருக்கக் கூடாதாம், அது நாளாக நாளாக உள்ளுக்குள் இறுகிப்போய்ப் பிறகு கயிற்றை அறுத்தாலும் முழுதாக நிமிராது என்றார். தம்பி, வாப்பாவுக்கு எந்த மூட்டு என்பதை முதலில் பாருங்கள்.

வேலை நடந்த விதம். கையை மல்லாத்தி மேசையில் வைத்து, மண்ணிற மருந்தால் துடைத்து, பச்சைத் துணி போர்த்தினார்கள். மயக்க மருந்து இல்லை. கயிற்றின் மேலே மூன்று இடத்தில் விறைப்பு மருந்தைத் தோலுக்குள் மட்டும் துளித்துளியாக ஏற்றினார். அந்த நாள் முழுக்க நொந்தது அது ஒன்றுதான். நிறைய ஏற்றி நன்றாக விறைக்க வையுங்களேன் என்றேன். "விரல் நரம்பு விறைத்தால் நான் அதைத் தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது. கரண்ட் அடித்த மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டும், நீங்கள்தான் என் காவல்காரன்" என்றார். அந்த நரம்பு சில பேருக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போகுமாம்.

பிறகு சாதாரண ஊசி. மருந்து ஏற்றுகிற அதே ஊசி. அதன் நுனி சரிவாக வெட்டியிருக்கும் அல்லவா, அந்தச் சரிவுதான் கத்தி. துளை போட்டு, நுனியைக் கயிற்றின் குறுக்கே அரக்கினார். நான் மரக்காரன், அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்: நனைந்த பலகையில் மழுங்கின வாளை இழுப்பது மாதிரி, கறகற. கையில் கேட்டதா காதில் கேட்டதா என்று இப்போதும் தெரியாது. நடுவில் ஊசியை விட்டுவிட்டு, "விரல் நுனியை மட்டும் மடக்குங்கள்" என்றார். மடக்கினேன், குத்தி நின்ற ஊசி ஆடவில்லை. ஆடினால் தசைநாருக்குள் போய்விட்டது என்று அர்த்தமாம், எடுத்து வேறு இடத்தில் போடுவார்களாம்.

மூன்று இடம் முடிந்ததும் விரலைப் பிடித்து மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். ஒரு சத்தம். காய்ந்த மரக்குச்சி முறிகிற சத்தம்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் எட்டு வருடத்துக்குப் பிறகு என் விரல் மற்ற விரல்களோடு வரிசையில் கிடக்கிறது. பிள்ளைப்பேற்று வாட்டுக்கு வெளியே நின்ற நாளுக்குப் பிறகு எனக்குக் கண் கலங்கினது அன்றைக்குத்தான். எல்லாம் அரை மணித்தியாலம். தையல் கிடையாது. ஒரு சின்னக் கட்டு. இரவில் போட ஒரு பிளாஸ்டிக் மட்டை தந்தார்கள்.

இனி என் முட்டாள்தனம். ஒரு கிழமை பாரமான வேலை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் மூன்றாம் நாள் சீவுளியைத் தூக்கினேன். நிமிர்த்தும்போது விரலடி மடிப்பில் தோல் கொஞ்சம் வெடித்திருந்தது. அது சாதாரணமாக நடக்கிறதுதான், தானாக மூடும். சீவுளி போட்டதில் அது வாய் திறந்து, மரத்தூள் போய், சீழ் பிடித்து, பத்து நாள் கப்ஸ்யூல் குடித்தேன். வாப்பாவுக்குத் தறியை ஒரு கிழமை பூட்டி வையுங்கள்.


படுவான்கரையான்
சனி, மாலை 6.10

நரம்பு இல்லை என்கிறீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு லேசு என்றால் ஏன் எல்லா டொக்டரும் வெட்டத்தானே சொல்கிறார்கள்?


ஒஸ்லோகுளிர் (பிறந்தது செட்டிபாளையம்)
சனி, இரவு 11.48

ஏனென்றால் திரும்பி வரும் அண்ணன். உளிக்காரன் அண்ணன் கதையை அழகாகச் சொன்னார், இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.

நான் இருக்கும் நாட்டில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த வருத்தம், வைக்கிங் நோய் என்றே செல்லப் பெயர். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காலையில் பத்துப் பேருக்குக் கை கழுவிவிட்டால் ஓரிருவருக்கு உள்ளங்கைக்குள் விரலைக் கிளப்பித்தான் துடைக்க வேண்டும். மார்கரெட் தாட்சர் 1986 இல் இதற்காகக் கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார், ரொனால்ட் ரீகன் 1989 இல். நம் ஆட்களில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

ஊசி கயிற்றை அறுக்கிறதே தவிர எடுக்கிறதில்லை. நெதர்லாந்தில் ஊசியையும் வெட்டி எடுப்பதையும் ஒப்பிட்டு ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2012 இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 85 வீதம் பேருக்குத் திரும்ப மடங்கியது, வெட்டி எடுத்தவர்களில் 21 வீதம். இந்தக் கணக்கைச் சொல்லாமல் யாரையும் ஊசிக்கு அனுப்பக் கூடாது.

இன்னொரு ஊசியும் இருக்கிறது. கொலாஜினேஸ் என்ற நொதியைக் கயிற்றுக்குள் ஏற்றி, அது கயிற்றைக் கரைத்த பிறகு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விரலை நிமிர்த்துவார்கள். அமெரிக்காவில் 2010 இல் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் 2020 இல் கம்பனி சந்தையிலிருந்து எடுத்துவிட்டது, வியாபாரக் காரணத்துக்காக, பாதுகாப்புப் பிரச்சினையால் அல்ல. யாராவது வெளிநாட்டிலிருந்து அந்த மருந்தை வாங்கி அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தசைநாரில் பட்டால் தசைநாரையும் கரைக்கும். பழகின கை போட வேண்டியது.


உளிக்காரன்
ஞாயிறு, காலை 7.00

தாண்டிப் போகவில்லை தம்பி, கை களைத்துவிட்டது. திரும்பி வரும் என்று டொக்டர் எனக்கு முதல் நாளே சொன்னார். வந்துகொண்டும் இருக்கிறது.

நான் சித்திரை வருடப்பிறப்புக்கு வருடம் ஒருமுறை இடக்கையை ஒரு பிளைவுட் துண்டில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, விரலுக்கும் பலகைக்கும் நடுவில் என்ன போகிறது என்று பார்ப்பேன். செய்த வருடம் ஒன்றும் போகவில்லை. அடுத்த வருடம் ஒரு கடுதாசி மட்டை போனது. இந்தச் சித்திரைக்குப் பென்சில் படுத்தபடி போகிறது. என் சின்ன விரல் அளவு போகும் நாளில் திரும்பப் போய் ஊசி போடுவேன். திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பதுதானே அதன் வசதி. வெட்டினால் உள்ளங்கையில் வளைந்து வளைந்து போகிற வெட்டு, தையல் எடுக்க இரண்டு கிழமை, பிறகு வாரக்கணக்கில் பிசியோதெரபி. நான் அத்தனை நாள் பட்டறையைப் பூட்டினால் வீட்டில் அடுப்பெரியாது. மூன்று வருடத்துக்கு ஒரு அரை மணித்தியாலம் எனக்குக் கட்டும்.


ஒஸ்லோகுளிர்
ஞாயிறு, காலை 10.31

உங்களுக்குக் கட்டும், ஏற்றுக்கொள்கிறேன். உங்களுக்கு விரலடி மூட்டு. நடு மூட்டில் மடங்கினவர்களுக்கு ஊசி அவ்வளவு எடுபடாது, சீக்கிரமும் திரும்பும். ஏற்கனவே ஒருமுறை வெட்டித் தழும்பானவர்களுக்கும் அப்படித்தான். 45 வயதுக்குள், இரண்டு கையிலும், குடும்பத்தோடு வந்தவர்களுக்கு எதைச் செய்தாலும் திரும்பும் வேகம் கூட. அவர்களில் சிலருக்குத் தோலையே எடுத்து வேறு தோல் வைப்பார்கள்.

என் வாதம் ஊசி கூடாது என்பதில்லை. "சுகமாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள், "நிமிர்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.


வாட்டுஅக்கா
ஞாயிறு, மதியம் 1.20

இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறீர்கள், ஒருவர் பட்டறையில் இருந்து, ஒருவர் பனியில் இருந்து.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. இந்த ஊசி யோசனை புதிதே அல்ல. தோலுக்குக் கீழே சிறு கூரால் கயிற்றை அறுக்கலாம் என்று லண்டனில் அஸ்ட்லி கூப்பர் என்ற சத்திரசிகிச்சை டொக்டர் 1822 இலேயே எழுதிவிட்டார். டுபுய்ட்ரன் பாரிஸில் திறந்து வெட்டிக் காட்டியது 1831 இல். பெயர் அவருக்குப் போய்விட்டது. பிறகு பிரான்சில் மூட்டுவாத டொக்டர்கள்தான் கத்தியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார்கள்.


சம்மாந்துறைவட்டை
ஞாயிறு, மாலை 4.05

ஸலாம். எனக்கு 49. இரண்டு கிழமையாக உள்ளங்கையில் ஒரு கட்டி, விரல் நேராகத்தான் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தால் மட்டும் கொஞ்சம் நோகும். இதை வாசித்துவிட்டு நித்திரையே இல்லை. மடங்க முதல் ஊசியால் அறுத்துவிடலாமா?


வாட்டுஅக்கா
ஞாயிறு, மாலை 4.30

வேண்டாம் காக்கா. அறுக்கக் கயிறே இல்லையே. கட்டி வந்த எல்லோருக்கும் விரல் மடங்குவதில்லை, பலருக்குக் கட்டியோடேயே நின்றுவிடும். டொக்டரிடம் ஒருமுறை காட்டி இதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை கையை மேசையில் குப்புற வையுங்கள், படிகிற வரைக்கும் வயல் வட்டைக்குப் போங்கள். மண்வெட்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் நோவு குறையும்.


பாவும்ஊடையும்
ஞாயிறு, இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மோதிர விரலில் மடங்கியிருப்பது விரலடி மூட்டு, சின்ன விரலில் நடு மூட்டு. 85 வீதம் திரும்பி வரும் என்று வாசித்ததும், "தறியும்தான் வருடத்துக்கு ஒருக்கா பழுதாகுது, எரிச்சா போட்டோம்?" என்றார். சம்மதம் போலத்தான். உளிக்காரன் அண்ணனின் காய்ந்த குச்சி முறிகிற இடத்தை மட்டும் நான் வாசிக்கவில்லை.

வாப்பா இருதயத்துக்கு ஒரு குளிசை குடிக்கிறார், இரத்தம் உறையாமல் இருக்க. நிறுத்த வேண்டுமா? முதலில் எங்கே போவது?


வாட்டுஅக்கா
ஞாயிறு, இரவு 9.20

நீங்களாக நிறுத்த வேண்டாம், ஒரு நாள்கூட. குளிசைப் பெட்டியோடேயே கொண்டுபோய்க் காட்டுங்கள், டொக்டர் தீர்மானிக்கட்டும். ஊசி முறைக்கு அநேகமாக நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

கொழும்புக்கு ஓட முதல் உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி எடுத்துக்கொண்டு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்குக்குப் போங்கள். ஊசி முறை செய்வீர்களா, எந்த மூட்டுக்குச் செய்வீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சின்ன விரலைச் சேர்த்துக் காட்டுங்கள், அவசரம் அதில்தான்.


உளிக்காரன்
ஞாயிறு, இரவு 9.41

கொழும்புக்கு என்று முடிவானால் சொல்லுங்கள் தம்பி, நானும் வருகிறேன். பென்சிலைக் காட்ட வேண்டும்.


பாவும்ஊடையும்
ஞாயிறு, இரவு 9.58

வாங்க அண்ணன். வாப்பா கேட்கச் சொல்கிறார், செய்த அன்றைக்கே மோட்டார் சைக்கிள் ஓடலாமா என்று.


உளிக்காரன்
ஞாயிறு, இரவு 10.03

கிளச்சை என்னத்தால் பிடிக்கிறதாம்? கட்டோடே விடமாட்டேன் என்று சொல்லுங்கள். பின்னால் இருந்து வரட்டும்.